அங்குல ஸ்பேனரும் மில்லிமீட்டர் ஸ்பேனரும்

வாசகர் கேள்வி – பதில்

போடி மலைப்பாதையில் பழைய ஜீப் ஓட்டுவதைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இடம் இருக்கிற அளவுக்குச் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. ஏலக்காய்த் தோட்டத்தில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தோட்டத்தில் கழித்துப்போட்ட 1989 மாடல் மஹிந்திரா எம்எம் 540 டீசல் ஜீப்பை 1998-ல் வாங்கினேன். இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்ததில் பாதி, அதன் அடியில் மல்லாந்து படுத்துக் கற்றது. மீதி, பட்டறை மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக் கற்றது.

கே: ‘ஜீப்’ என்பது கம்பெனி பெயரா, வண்டியின் வகையா? எங்கள் ஊரில் மஹிந்திரா தார் வண்டியையும் ஜீப் என்கிறார்கள், பொலீரோவையும் ஜீப் என்கிறார்கள். போலீஸ் எதில் வந்தாலும் ‘ஜீப் வருது’ என்றுதான் ஓடுகிறார்கள்.
– கல்லூரி மாணவர், திருப்பூர்

ப: சட்டப்படி கேட்டால் கம்பெனி பெயர், ஊர் வழக்கப்படி கேட்டால் வகை. ஓடுகிறவர்களை நிறுத்தித் திருத்த வேண்டாம் தம்பி.

கதை 1940-ல் தொடங்குகிறது. ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாக வேண்டியிருந்தது. 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டார்கள். எடை 1300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. நடக்கிற காரியமா அது? (பிறகு அவர்களே அதைத் தளர்த்தினார்கள்.) பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில், நொடித்துப்போகிற நிலையில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கார் கம்பெனி துணிந்து இறங்கியது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து அவசர அவசரமாகப் படம் போட்டார்கள். 1940 செப்டம்பர் 23-ம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது முதல் வண்டி ஹோலபர்ட் ராணுவ முகாமுக்குள் போய் நின்றது.

ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும் திராணி பாண்டமுக்கு இல்லை என்று ராணுவம் நினைத்தது. அதன் வரைபடங்கள் வில்லிஸ்-ஓவர்லேண்ட், ஃபோர்டு இரண்டின் கைக்கும் போயின. வில்லிஸிடம் நல்ல என்ஜின் இருந்தது. 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். கடைசியில் வில்லிஸ் வடிவம் தேர்வாகி, அதையே ஃபோர்டும் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பாண்டம் செய்தது 3000-க்கும் குறைவு. பெற்றவள் ஒருத்தி, பேர் வைத்தவள் ஒருத்தி.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஃபோர்டு தான் செய்த போல்ட்டின் தலையில்கூட ‘எஃப்’ என்று பொறித்தது. அவ்வளவு வீம்பு. ஆனாலும் அந்த போல்ட் வில்லிஸ் வண்டியில் கச்சிதமாக உட்காரும். இரண்டு கம்பெனி வண்டிக்கும் பாகம் மாற்றிப் போடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. குண்டடிபட்ட இரண்டு வண்டியைப் பிரித்து ஓடுகிற ஒரு வண்டியைப் பூட்டிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் ஜீப் இவ்வளவு காலம் பிழைத்துக் கிடப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

இனி நம் பக்கம். 1945 அக்டோபரில் லூதியானாவில் இரும்பு வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. ஜே.சி.மஹிந்திரா, கே.சி.மஹிந்திரா என்ற சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் கூட்டாளிகள். பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சர் ஆனார், பின்னால் கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய வில்லிஸ் ஜீப்பை பம்பாய் மஜ்காவில் வைத்துப் பூட்டி விற்றார்கள். அப்புறம் உரிமம் வாங்கி இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். பானெட் உயரமாக, மூக்கு விடைத்த மாதிரி இருக்குமே, பழைய படங்களில் தாசில்தார் வந்து இறங்குவாரே, அதுதான் சிஜே-3பி. 1953-ல் அமெரிக்காவில் வந்தது. என்ஜினில் வால்வை மேலே ஏற்றியதால் உயரம் கூடிப்போய், பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1968-லேயே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் அதே முகம் அதற்கு அப்புறமும் பல வருடம் ஓடியது.

பெட்ரோல் கட்டுப்படியாகாமல் போனபோது டீசல் வந்தது. டிராக்டர் வழி வந்த இன்டர்நேஷனல் டீசல் ஒன்று, பிரான்ஸின் பெஜோ டீசல் ஒன்று. என் வண்டியில் இருப்பது 2112 சிசி பெஜோ. அதனால்தான் என் வண்டியில் உடம்புக்கு அங்குல ஸ்பேனர், என்ஜினுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். அமெரிக்கக் கூட்டில் பிரெஞ்சு உயிர். வாங்கிய புதிதில் இது தெரியாமல் மில்லிமீட்டர் ஸ்பேனரை ஸ்பிரிங் யு-போல்ட்டில் மாட்டி, நட்டின் முனையை மழுக்கிவிட்டேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. உளியை எடுத்துக் கொடுத்து ‘நீங்களே வெட்டுங்க’ என்றார். முக்கால் மணி நேரம் வெட்டினேன்.

கே: ‘ஜெனரல் பர்ப்பஸ்’ என்பதன் சுருக்கமான ஜிபி-தான் ஜீப் ஆனது என்று என் மகன் பள்ளியில் பேசிப் பரிசு வாங்கிவிட்டான். சரிதானே?
– ஒரு தாய், நாகர்கோவில்

ப: பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் அது முடிந்த முடிவு இல்லை. ஃபோர்டு தன் வண்டிக்கு ‘ஜிபி’ என்று குறியீடு வைத்தது உண்மை. அதில் ‘ஜி’ என்றால் அரசுக்கான வண்டி, ‘பி’ என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 80 அங்குல இடைவெளி. பொதுப் பயன் என்ற பொருளே அதில் கிடையாது. பாப்பாய் கார்ட்டூனில் 1936-ல் யூஜின் தி ஜீப் என்று ஒரு விசித்திரப் பிராணி வந்தது. எங்கு வேண்டுமானாலும் புகுந்து வரும். அதிலிருந்து பிடித்த பெயர் என்கிறார்கள் சிலர். புதிதாகச் சேர்ந்த சிப்பாயையும், சோதனைக்கு வந்த வண்டியையும் ‘ஜீப்’ என்று கூப்பிடும் வழக்கம் ராணுவத்தில் முன்பே இருந்தது என்கிறார்கள் இன்னும் சிலர். 1941 தொடக்கத்தில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் வண்டியை ஏற்றிக் காட்டினார்கள். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்த பிறகுதான் பெயர் ஊரெல்லாம் பரவியது. வில்லிஸ் 1943-ல் அந்தப் பெயரைத் தனக்கென்று பதிவு செய்யக் கேட்டது. கிடைத்தது 1950-ல்.

கே: மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது உங்கள் ஜீப்?
– மளிகை வியாபாரி, விருதுநகர்

ப: தேனியிலிருந்து மதுரைக்குப் போனால் லிட்டருக்கு 11 கிலோமீட்டர். மேட்டில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியர் போட்டுச் சேற்றில் ஏறும்போது கிலோமீட்டர் கணக்கு செல்லாது. மணிக்கு இத்தனை லிட்டர் என்றுதான் பார்க்க வேண்டும். நான் பார்ப்பதில்லை.

கே: கணவரின் பழைய ஜீப்பை ஓட்டப் பழகுகிறேன். நாலு சக்கரமும் இழுப்பதற்கான ஃபோர் வீல் லீவரைப் போட்டால் வளைவில் ஸ்டீயரிங் கல்லாக இறுகுகிறது. டயர் கீச்சிடுகிறது. வண்டியில் கோளாறா, என்னிடம் கோளாறா?
– ஆசிரியை, கோத்தகிரி

ப: இரண்டிலும் இல்லை டீச்சர், ரோட்டில்தான் கோளாறு. நீங்கள் தார் ரோட்டில் போட்டிருக்கிறீர்கள்.

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் கொஞ்சம் அதிக தூரம் சுற்றி வரும், பின் சக்கரங்கள் குறுக்கே வரும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு ஒன்று வேண்டும். நம் ஜீப்புகளில் அது கிடையாது. லீவரைப் போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும் என்று பூட்டிக்கொள்ளும். சேற்றிலும் சரளையிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அப்போது சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் முறுக்கேறும். முறுக்கு எங்கே போய் வெடிக்கும் என்பது அன்றைய ராசி.

என் ராசி 2001 ஐப்பசியில் தெரிந்தது. தோட்டத்துப் பாதையில் முழங்கால் சேறு. ஃபோர் வீல் போட்டு ஜம்மென்று ஏறிவந்து போடிமெட்டில் டீ குடித்தேன். லீவரை எடுக்க மறந்தே போனேன். 17 கொண்டை ஊசி வளைவு, இறக்கம். மூன்றாவது வளைவிலேயே ஸ்டீயரிங் முரண்டு பிடித்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, இப்படித்தான் இருக்கும் என்று தோளைக் கொடுத்துத் திருப்பினேன். ஒன்பதாவது வளைவில் அடியில் ‘டம்’ என்று ஒரு சத்தம். முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்ற சிலுவை வடிவ மூட்டு உடைந்து, ஷாஃப்ட் தொங்கி, ரோட்டில் தீப்பொறி பறக்கிறது. ஷாஃப்டைக் கழற்றிப் பின்னால் போட்டுக்கொண்டு, பின் சக்கரம் மட்டும் இழுக்க வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் பேரிங் கடையில் கிராஸ் வாங்கிக் கொடுத்தேன், மதியத்துக்குள் மாட்டிவிட்டார்கள். ‘ஏர்ல பூட்டுன மாட்ட வண்டியிலயும் சேத்துப் பூட்டுனா என்ன சார் ஆகும்?’ என்று மேஸ்திரி கேட்டதுதான் கூலியைவிட அதிகம் வலித்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்கள் ஊருக்கு முக்கியம். இறக்கத்தில் பிரேக்கை நம்பி வராதீர்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். செங்குத்தான மண் பாதை என்றால் லோ போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்து, என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விடுங்கள். டிரம் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகிய வாசனை வந்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், டிரம் வெடிக்கும். ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். (கிளம்பும்போது லீவரைப் பாருங்கள்.)

கே: வாரத்தில் ஐந்து நாள் வங்கிக்குப் போய்வருவேன். மஹிந்திரா தார் வாங்க ஆசை. பின் சக்கரம் மட்டும் இழுப்பது விலை குறைவு. ஃபோர் வீல் இல்லாத தார், தார் ஆகுமா?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

ப: ஆசைக்குப் பதில் சொல்ல முடியாது, வேலைக்குச் சொல்கிறேன். 2023 ஜனவரியில் வந்த பின்சக்கரத் தார் உங்கள் பிழைப்புக்குத் தாராளம். ஃபோர் வீல் லீவர் வருடத்துக்கு ஒரு தடவைகூட நகராமல் இருந்தால் அதுவும் இறுகித்தான் போகும். ஆனால் சொந்த வயல் இருந்து, நடவு சமயத்தில் உள்ளே போகவேண்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போதும் டெல்டா களிமண்ணில் முதலில் காப்பாற்றுவது டயர்தான், ஃபோர் வீல் அடுத்தது. நகரத்து டயர் போட்ட ஃபோர் வீல் வண்டி நாலு காலும் சேர்ந்து புதையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய ஜீப்பையும் புதுத் தாரையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லிப் பல பேர் கேட்டிருந்தார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2010-ல் வந்த முதல் தாரில் பின்னால் இன்னும் பட்டை ஸ்பிரிங்தான் இருந்தது. 2020-ல் வந்ததில் நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. என் வண்டியில் பாதுகாப்பு என்று இருப்பது என் பயம் மட்டும்தான். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, மேலே படுதா. மழையில் வலது முழங்கால் நனையாமல் நான் போடிமெட்டு ஏறியதே கிடையாது. ஆகவே எது நல்ல வண்டி என்று கேட்டால் புதியதுதான், சந்தேகமே வேண்டாம். என் தங்கை மகன் தார் வைத்திருக்கிறான். ஒருநாள் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லி மேஸ்திரியைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார். மெல்ல மூடினார். ‘இதுக்கு லேப்டாப் வேணும் சார், ஸ்பேனர் எடுத்துட்டு வந்துட்டேன்’ என்றார். நான் என் வண்டியை விற்காமல் இருப்பதற்கு அந்த ஸ்பேனர்தான் காரணம், வண்டியின் பெருமை அல்ல.

கே: ஹரியானாவிலிருந்து புது ஜீப் மாதிரி செய்து அனுப்புகிறார்களாம். அகல டயர், எல்இடி விளக்கு, முன்னால் இரும்பு பம்பர், விருப்பப்பட்ட என்ஜின். நண்பன் வாங்கச் சொல்கிறான்.
– 24 வயது இளைஞர், கோவை

ப: மண்டி டப்வாலி என்ற ஊரைச் சொல்கிறீர்கள். பஞ்சாப் எல்லையில் இருக்கிறது. பழைய ஜீப்பை எலும்பு வரை பிரித்துப் புதிதாகக் கட்டுவதில் அந்த ஊர்க்காரர்கள் பேர் போனவர்கள், கைவேலையில் நான் குறை சொல்லமாட்டேன். வில்லங்கம் காகிதத்தில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி சொன்ன அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த முன்பக்க இரும்பு பம்பருக்கும் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. குறுக்கே வரும் ஆளை அது கொல்லும். மோதலில் வண்டியின் முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சியைத் தாங்க விடாமல், உள்ளே இருப்பவரையும் சேர்த்து அடிக்கும்.

எந்தப் பழைய ஜீப்பையும் வாங்குமுன் சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், இருக்கும் நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் அச்செடுத்து, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நம்பர் இருக்கும் இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால் விலை பேசாமல் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். என்ஜின் நம்பரும் அப்படியே. பிறகு ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்காரும் இடத்துக்குக் கீழே தரைத் தகட்டையும், பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் சேஸையும் மெல்லத் தட்டுங்கள். ‘கணீர்’ என்றால் இரும்பு, ‘பொத்’ என்றால் துருவின் மேல் பட்டி பூசிய பெயின்ட். என் வண்டியில் டிரைவர் பக்கத் தகடு போனது எனக்கே தெரியாது. ரப்பர் மிதியடி போட்டு நானே மூடிவைத்திருந்தேன். ஒருநாள் மிதியடியைத் தூக்கினால் கீழே ரோடு ஓடுகிறது.

கே: ராணுவத்தில் ஜோங்கா ஓட்டியவன் நான். அதுவும் ஜீப் வம்சம்தானே?
– முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

ப: வணக்கம் ஐயா. இல்லை, அது ஜப்பான் வம்சம். நிசானின் பேட்ரோல் பி60 என்ற வண்டியை உரிமம் வாங்கி ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை செய்தார்கள். 6 சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர். ஜபல்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் ஜோங்கா. குடித்த பெட்ரோலுக்கு நீங்கள்தான் சாட்சி.

ராணுவம் என்றதும் எனக்கு அப்துல் ஹமீது நினைவுக்கு வருவார். 1965 போரில், அசல் உத்தர் சண்டையில், 106 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய ஒரு திறந்த ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்த்தவர். கரும்புக் காட்டுக்குள் மறைந்து சுடுவது, சட்டென்று இடம் மாறுவது, மறுபடி சுடுவது. பல டாங்கிகளை வீழ்த்திவிட்டு அதே ஜீப்பில் உயிரை விட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். டாங்கியின் கவசத்துக்கு எதிரில் ஒரு ஜீப்பின் தகடு எவ்வளவு மெல்லியது என்பது அதைத் தட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கே: மஹிந்திரா மீது ஜீப் கம்பெனியே அமெரிக்காவில் வழக்குப் போட்டதாமே?
– வழக்கறிஞர், சேலம்

ப: ஆமாம். ராக்ஸர் என்று ஒரு வண்டியை 2018-ல் மஹிந்திரா அமெரிக்காவில் மிச்சிகனில் வைத்துச் செய்தது. பண்ணைக்கும் காட்டுக்கும் மட்டும், ரோட்டில் ஓட்ட அல்ல. பார்த்தால் நம் பழைய ஜீப்பேதான். ஜீப் என்ற பெயர் வில்லிஸில் தொடங்கி கைசர், ஏஎம்சி, கிரைஸ்லர் என்று கைமாறி அப்போது ஃபியட் கிரைஸ்லரிடம் இருந்தது. எங்கள் வண்டியின் உருவத்தைத் திருடிவிட்டார்கள் என்று அவர்கள் அங்குள்ள வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். 2020-ல் மஹிந்திராவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. முகத்தை மாற்றிய பிறகு அதே ஆணையம் விட்டுவிட்டது. முறைப்படி உரிமம் வாங்கி நாற்பதுகளிலிருந்து செய்துவந்த முகம் அது. பங்காளிச் சண்டைக்கு நாடு ஏது? வேடிக்கை என்னவென்றால், தகட்டை அழுத்தி வெட்டிய அந்த முன்பக்க கிரில்லைப் போர்க்காலத்தில் முதலில் செய்தது ஃபோர்டு. அதில் 9 துளை இருந்தது. போருக்குப் பின் பொதுமக்களுக்கு விற்ற வில்லிஸில்தான் 7 ஆனது.

கே: உங்கள் கட்டுரையில் மலை அழகு, பனி எல்லாம் எழுதினீர்கள். காலையில் தோட்டத்துக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்பைப் பற்றி ஒரு வரி இல்லையே?
– தேவாரத்திலிருந்து ஒரு பெண்

ப: இல்லைதான். வேண்டுமென்றே விட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

விடிவதற்கு முன்னால் தேவாரம், போடி, கம்பம் பக்கமிருந்து கேரள எல்லைக்குள் ஏறும் அந்த ஜீப்புகளைத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் இல்லை. உள்ளே பதினைந்து பேர், பின் படியில் தொங்குகிறவர்கள் வேறு. தூக்குவாளி, களைக்கொத்து எல்லாம் மடியில். டிரைவரைத் திட்டுவது எளிது. ஆனால் ஆள் கணக்குப் பார்க்காமல் ட்ரிப்புக்கு இவ்வளவு என்று வாடகை போட்ட நோட்டில் எழுதியது என் கை. இரண்டு ட்ரிப்பில் வரவேண்டியவர்கள் ஒரே ட்ரிப்பில் வந்தால் தோட்டத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்தை வருடக் கடைசியில் நான் கூட்டிப் போட்டிருக்கிறேன். ஒருமுறை இறக்கத்தில் ஒரு வண்டி சாய்ந்து ஆறு பேருக்கு எலும்பு முறிந்தது. மறுநாள் வாடகையை ஆள் கணக்குக்கு மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நடக்கவில்லை. இரண்டாவது தடவை நான் எழுதவில்லை.

வண்டியைப் பற்றி மட்டும் கேட்டால், ஜீப் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே குட்டை இடைவெளியும் ஒடுங்கின அகலமும் கொண்டது. அதனால்தான் ஒற்றையடிப் பாதையில் நுழைகிறது, அதனாலேயே சீக்கிரம் சாய்கிறது. பாரம் பின்னாலும் மேலேயும் ஏறினால் முன் சக்கரத்தில் பிடிப்பு குறையும், ஸ்டீயரிங் லேசாகும். லேசாக இருக்கிறதே என்று டிரைவர் சந்தோஷப்படுகிற அந்த இடத்தில்தான் ஆபத்து. பின் படியில் ஆள் நின்றால் வண்டி நகரக்கூடாது என்று ஏறுகிற நாலு பேர் சேர்ந்து சொன்னால் டிரைவரால் நகர்த்த முடியாது. இதை உங்களிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை.

கே: அப்பா இறந்து ஐந்து வருடம். அவருடைய டீசல் ஜீப் அதற்கு முன்பிருந்தே மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது, மொத்தம் 11 வருடம். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். ஓட வைக்க முடியுமா? எனக்கு ஸ்பேனர் பிடிக்கவும் தெரியாது.
– விவசாயி, கம்பம்

ப: முதலில் ஆர்சியைத் தேடுங்கள். அரிசிப் பானை, பீரோ, பத்திரப் பை என்று எல்லா இடத்திலும். அது இல்லாமல் எதையும் தொடாதீர்கள். வாரிசு பெயருக்கு மாற்ற 31-ம் படிவம். தனியார் வண்டிப் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 25-ம் படிவம். தாமதத்துக்கு அபராதமும் பசுமை வரியும் வரும். அந்தத் தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு ஓட்டுவதா விற்பதா என்று யோசியுங்கள்.

ஓட்டுவதுதான் என்றால், யார் சொன்னாலும் டிராக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் உடையும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து இரண்டு கரண்டி விட்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். நாலாம் நாள் முன்பக்கப் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரை மாட்டிக் கையால் மெதுவாகத் திருப்பவேண்டும். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். அசைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டுமுன் கையாலேயே பல சுற்றுச் சுற்றி, ஊற்றியதெல்லாம் வெளியே தெறிக்க விடுங்கள். உள்ளே தேங்கினால் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளையும்.

டேங்கை இறக்கிக் கழுவுங்கள், பழைய டீசல் கோந்து மாதிரி ஆகியிருக்கும். எல்லா ஃபில்டரும், எல்லா ஆயிலும் புதிது. பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்து சிலிண்டர் ரப்பரும் புதிது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வயரை எலி தின்றிருக்கும், முழுசாக மாற்றிவிடுங்கள். ஜீப் வயரிங்கைப் பிரித்துத் தரையில் பரப்பினால் ஒரு பாய் அளவுகூட வராது.

ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்கிறீர்கள். எனக்கும் தெரியாமல்தான் நட்டை வெட்டினேன். கொட்டகையில் எங்காவது உங்கள் அப்பாவின் டூல் பை இருக்கும், சீட்டுக்கு அடியிலும் பாருங்கள். அதில் இரண்டு செட் ஸ்பேனர் இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருகிறேன். இரும்புக்காரரிடம் அதுவரைக்கும் எடை போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.